ஏழாண்டு மருத்துவ சீட்டா, பெயர்பெற்ற கல்லூரியா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். இரண்டு இடங்களில் சேர்க்கை கிடைத்திருக்கிறது. ஒன்று, கல்லூரியில் 3 ஆண்டு, பிறகு மருத்துவக் கல்லூரியில் 4 ஆண்டு என்ற ஒருங்கிணைந்த எம்.டி. (இங்கே மருத்துவரின் முதல் பட்டம்) படிப்பு. முதல் 3 ஆண்டுக்கும் கல்விக் கட்டணம் முழுவதையும் உதவித்தொகையாகத் தருகிறார்கள்; விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஆண்டுக்கு 18,000 டாலர் எங்கள் செலவு. மற்றொன்று ஐவி லீக் கல்லூரி (ஹார்வர்ட், பிரின்ஸ்டன், பிரவுன் போன்ற எட்டுப் பெயர்பெற்ற இடங்களில் ஒன்று). உதவித்தொகை கிடையாது, ஆண்டுக்கு 90,000 டாலர் ஆகும். மே 1க்குள் முடிவு சொல்ல வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு கட்சி. எதை எடுப்பது?

பதில்:

நீங்கள் எழுதியதில் கட்டணம் இருக்கிறது, தேதி இருக்கிறது, வீட்டுச் சண்டைகூட இருக்கிறது. மகள் என்ன சொல்கிறாள் என்பது மட்டும் இல்லை. ஆளுக்கொரு கட்சி என்கிறீர்களே, அவள் எந்தக் கட்சி?

அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு மருத்துவம்தான் வேண்டும் என்றால், ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் கழுத்தை நெரிக்காதவை என்றால், ஏழாண்டுப் படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு ‘என்றால்’களும் சின்னவை இல்லை. மீதிப் பதில் முழுவதும் அவற்றைப் பற்றித்தான்.

நான் மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்து, இங்கே வந்து ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் பெறும் துறைப் பயிற்சி) செய்தவன். பென்சில்வேனியாவில் இருபது ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். நடுவில் எட்டு ஆண்டுகள் ஒரு மருத்துவக் கல்லூரியின் சேர்க்கைக் குழுவுக்காக நேர்முகம் நடத்தினேன். ஆகவே இந்தக் கேள்வி நம் வீடுகளில் எப்படிப் பேசப்படுகிறது என்பதும் தெரியும், மேசைக்கு மறுபுறம் எப்படிப் பார்க்கப்படுகிறது என்பதும் தெரியும்.

நம் ஊரில் ‘சீட் கிடைத்துவிட்டது’ என்றால் அன்றைக்கே லட்டு வாங்கிவிடுவார்கள். பதினேழு வயதில் உள்ளே போனால் ஐந்தரை ஆண்டில் மருத்துவர். அந்த நினைப்போடுதான் நாம் இங்கே இந்த ஏழாண்டுப் படிப்புகளைப் பார்க்கிறோம். ஆனால் அமெரிக்க வழக்கம் வேறு இடத்திலிருந்து வந்தது. 1893இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி திறந்தபோது, பட்டம் பெற்றவர்களை மட்டுமே சேர்ப்போம் என்று சொன்னது. அப்போது அது அதிசயம். காசு கட்டியவரையெல்லாம் மருத்துவராக்கி அனுப்பும் பள்ளிகள் நாடெங்கும் இருந்த காலம். 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அந்தப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கை ஹாப்கின்ஸையே அளவுகோலாக வைத்தது. அடுத்த ஆண்டுகளில் பல பள்ளிகள் இழுத்து மூடப்பட்டன. 4 ஆண்டு கல்லூரி, 4 ஆண்டு மருத்துவம் என்ற கணக்கு அப்படித்தான் நிலைத்தது.

ஒருங்கிணைந்த படிப்புகள் அந்தக் கணக்கில் பின்னால் வெட்டிய குறுக்குப் பாதைகள். மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகம் 1971 முதல் பள்ளி முடித்தவர்களை 6 ஆண்டில் மருத்துவராக்குகிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1973இல் தொடங்கிய சோஃபி டேவிஸ் திட்டம், மருத்துவர் போகாத பகுதிகளுக்கு மருத்துவர்களை உருவாக்க வந்தது; அது 7 ஆண்டு. பிரவுனில் 8 ஆண்டு. அங்கே அவசரம் நோக்கமே இல்லை. இடம் உறுதி என்பதால் மாணவர் இசையோ வரலாறோ நிம்மதியாகப் படிக்கட்டும் என்பது எண்ணம். ஐவி லீக்கில் இப்படி ஒரு திட்டம் பிரவுனில் மட்டும்தான் உண்டு. நார்த்வெஸ்டர்ன் 1961இல் தொடங்கிய திட்டத்தை இப்போது நிறுத்தியேவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் இருந்தாலும், ஒன்று காலத்தைக் குறைக்கிறது, ஒன்று கவலையைக் குறைக்கிறது. உங்கள் மகளுக்குக் கிடைத்திருப்பது இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறது.

அந்தக் கவலை எவ்வளவு பெரியது என்பதைப் பார்ப்போம். 2023–24 சேர்க்கையில் எம்.டி. கல்லூரிகளுக்குச் சுமார் 52,500 பேர் விண்ணப்பித்தார்கள். சேர்ந்தவர்கள் சுமார் 23,000 பேர். சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் கல்லூரி மதிப்பெண்) 3.77, சராசரி எம்கேட் மதிப்பெண் 511.7. எம்கேட் என்பது இடைவேளைகளோடு ஏழரை மணி நேரம் பிடிக்கும் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு. 472இல் தொடங்கி 528இல் முடியும் விசித்திரமான அளவுகோல். பாதிக்கு மேல் ஆளுக்கு இடமில்லை என்பது விண்ணப்பித்தவர்களின் கணக்கு மட்டுமே. முதலாண்டு வேதியியலிலேயே மனம் உடைந்து வேறு துறைக்குப் போனவர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

ஐவி லீக்கில் படித்தால் இந்தக் கணக்கு மாறாதா என்பீர்கள். கொஞ்சம் மாறும், நீங்கள் நினைக்கும் அளவுக்கு மாறாது. நேர்முகத்துக்கு வரும் கோப்பில் கல்லூரியின் பெயரைப் பார்ப்போம், ஒரு கணம் புருவம் உயரும், பிறகு கண் நேராக ஜிபிஏ, எம்கேட் எண்களுக்குத்தான் போகும். பெயர்பெற்ற கல்லூரியிலிருந்து 3.4 வைத்திருப்பவரைவிடச் சாதாரண மாநிலக் கல்லூரியில் 3.9 வைத்திருப்பவருக்கே பெரும்பாலும் வாய்ப்பு அதிகம். அநியாயம்தான். பிரின்ஸ்டன் 2004 முதல் 2014 வரை ‘ஏ’ வகை மதிப்பெண் ஏறத்தாழ 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருந்தது. அந்த ஆண்டுகளில் அங்கே படித்த பிரீ-மெட் (மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும்) பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்: பக்கத்து இருக்கையில் இருப்பவனும் தன் பள்ளியில் முதல் மாணவன், முன்னால் இருப்பவளும் அப்படியே, மூன்று பேரில் ஒருவருக்குத்தான் ‘ஏ’. இப்போது அந்த வரம்பு இல்லை, பல இடங்களில் மதிப்பெண்ணைத் தாராளமாகவே அள்ளிவிடுகிறார்கள். ஆனாலும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வகுப்பின் போட்டி எந்தப் பெரிய கல்லூரியிலும் இளகியதாக நான் கேள்விப்படவில்லை.

இன்னொன்று. ‘எங்கள் மாணவர்களில் 90 சதவீதம் பேருக்கு மருத்துவக் கல்லூரி கிடைக்கிறது’ என்று சில கல்லூரிகள் சொல்லும். அதைக் கேட்டால் உடனே அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: யாரில் 90 சதவீதம்? பல கல்லூரிகளில் மருத்துவ விண்ணப்பத்துக்கு ஒரு குழு சேர்ந்து பரிந்துரைக் கடிதம் தரும். மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம், ‘இந்த ஆண்டு வேண்டாமே, இன்னும் கொஞ்சம் தயார் செய்துகொள்ளலாமே’ என்று அந்தக் குழு நயமாகச் சொல்லிவிடும். சில இடங்களில் கடிதமே தராது. இப்படி வடிகட்டிய பிறகு மிஞ்சியவர்களை வைத்துப் போட்ட சதவீதம் அது.

இனி பணம். ஐவி லீக் கல்லூரி 4 ஆண்டு, 3,60,000 டாலர். ஏழாண்டுப் படிப்பின் முதல் 3 ஆண்டு, 54,000 டாலர். மூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசம், அதுவும் மருத்துவக் கல்லூரியின் வாசலை மிதிக்கும் முன்பே. ஒரு காலத்தில் இதை ‘கடன் வாங்கிக் கட்டிவிடலாம், மருத்துவர்தானே, சம்பாதித்து அடைத்துவிடுவாள்’ என்று தள்ளிவிடலாம். இனி முடியாது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற கூட்டாட்சிக் கடனை நிறுத்துகிறது. அதில்தான் முன்பு கல்லூரி கேட்கும் செலவு முழுவதையும் வாங்க முடிந்தது. மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு இனி ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர்தான் கூட்டாட்சிக் கடன். இளநிலைப் படிப்புக்குப் பெற்றோர் வாங்கும் கடனுக்கும் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு வந்துவிட்டது. தனியார் மருத்துவக் கல்லூரியில் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து 4 ஆண்டுக்கு நான்கு லட்சத்தை நெருங்கும் காலம் இது. மீதியை வங்கியிடம், வங்கி சொல்லும் வட்டிக்கு வாங்க வேண்டும். இளநிலைக்காக வீட்டை அடகு வைத்த குடும்பம் மருத்துவத்துக்கு எதை அடகு வைக்கும்?

உங்களிடம் அந்த மூன்று லட்சம் கஷ்டமில்லாமல் இருக்கிறது என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள். பலருக்கு அப்படி இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு அந்தப் பக்கத்து நியாயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் தரகர் ஆகிவிடுவேன். ஏழாண்டுப் படிப்பில் சேர்ந்தால் நீங்கள் விட்டுக்கொடுப்பவை உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 2018இல் எல்லோருக்கும் கல்விக் கட்டணம் இலவசம் என்று அறிவித்தது. 2024 பிப்ரவரியில் பிராங்க்ஸில் இருக்கும் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கல்லூரி, ரூத் காட்ஸ்மன் கொடுத்த 100 கோடி டாலரால் அதையே செய்தது. அதே ஆண்டு ஜூலையில் புளூம்பெர்க் அறக்கட்டளையின் நன்கொடையால் ஹாப்கின்ஸ், ஆண்டு வருமானம் 3,00,000 டாலருக்குக் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. வேறு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் சீட் போய்விடும் என்ற நிபந்தனை உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், இந்தக் கதவுகளை உங்கள் மகள் பதினேழு வயதிலேயே சாத்திவிடுகிறாள். சாத்தாமல் வைத்திருந்தாலும் உள்ளே விடுவார்கள் என்று உறுதியில்லை, அந்த மூன்றும் இப்போது கூட்டம் மொய்க்கும் இடங்கள்.

இரண்டாவது, ரெசிடென்சி. நான்காம் ஆண்டு மார்ச் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை, ‘மேட்ச்’ நாள். எந்தத் துறை, எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது அன்றைக்குத் தெரியும். அந்தத் தேர்வில் இளநிலைக் கல்லூரியின் பெயருக்கு மதிப்பு மிகக் குறைவு. மருத்துவக் கல்லூரியின் பெயருக்கு ஓரளவு உண்டு. 2022 ஜனவரியில் மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1, மதிப்பெண் இல்லாமல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் மாறியது. அதுவரை பெயரில்லாத கல்லூரியில் படித்த பிள்ளை 260 வாங்கி, ‘இதோ நான்’ என்று நிற்க முடிந்தது. இப்போது அந்த வேலையை ஸ்டெப் 2 ஒன்றுதான் செய்கிறது. கூடவே ஆராய்ச்சிக் கட்டுரைகளும், கல்லூரியின் பெயரும், யார் பரிந்துரைத்தார்கள் என்பதும் எடை கூடிவிட்டன. தோல் மருத்துவம், எலும்பு அறுவை, நரம்பு அறுவை போன்ற துறைகளில் இது உறைக்கும். உள்மருத்துவம், குழந்தை மருத்துவம், குடும்ப மருத்துவம் என்றால் எந்த அமெரிக்க எம்.டி.யும் போதும். 2024இல் அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஒருங்கிணைந்த படிப்பு என்ற பெயரில் கரீபியன் தீவுக் கல்லூரிகளுடன் இணைத்துவைக்கும் திட்டங்களும் விற்கப்படுகின்றன. வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியில் படித்த அமெரிக்கக் குடிமக்களுக்கு அதே 2024 மேட்சில் கிடைத்தது 67 சதவீதம். உங்களுடையது அந்த வகை இல்லை. இந்தப் பதிலைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவட்டும் என்று சொல்கிறேன்.

மூன்றாவது இழப்புதான் எனக்குப் பெரியது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் (எங்கே படித்தான் என்பது வேண்டாம்) பதினேழு வயதில் இதுபோன்ற படிப்பில் சேர்ந்தான். இரண்டாம் ஆண்டில் பொருளாதார வகுப்பு ஒன்றை விருப்பப் பாடமாக எடுத்தான். வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் அதைப் பற்றியே பேசுவான். அவன் அம்மா, ‘பேசு, ஆனால் சீட்டை மட்டும் விட்டுவிடாதே’ என்றார். அவனும் விடவில்லை. மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு நடுவில்தான் விட்டான், ஒன்றரை ஆண்டுக் கடனோடு. இப்போது பொருளாதாரத்தில்தான் இருக்கிறான், நன்றாகவே இருக்கிறான். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சீட்டுக்கு அப்படி ஒரு பிடி இருக்கிறது. வேண்டாம் என்று தோன்றும்போதும் விட மனம் வராது.

ஆகவே முதல் ‘என்றால்’. அவளுக்கு மருத்துவம்தான் வேண்டும் என்று எப்படித் தெரியும்? ‘சின்ன வயதிலிருந்தே ஆசை’ என்பதை நேர்முகத்தில் நூறு முறை கேட்டிருக்கிறேன். அது ஒன்றையும் சொல்லாது. ஒரே ஒரு பெண்ணின் பதில் மட்டும் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் நினைவில் இருக்கிறது. கோடை விடுமுறையில் முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்த்தவள். அங்கே என்ன கற்றாய் என்று கேட்டேன். ‘காலைச் சாப்பாட்டுத் தட்டுகள் சமையலறைக்குத் திரும்பும் முன், கசங்கிய காகிதத் துண்டுகளைப் பிரித்துப் பார்க்கக் கற்றேன்’ என்றாள். ஏன் என்றேன். ‘ஒரு தாத்தா சாப்பிடும்போது காது கேட்கும் கருவியைக் கழற்றி அதில் சுற்றி வைத்துவிடுவார். தட்டோடு அது குப்பைக்குப் போய்விட்டால் அன்று முழுவதும் அவரிடம் எல்லோரும் கத்துவார்கள், அவருக்கு மறதி முற்றிவிட்டது என்று எழுதிவிடுவார்கள்’ என்றாள். அந்த வேலையில் படுக்கை விரிப்பு மாற்றுவதும் மலம் துடைப்பதும் உண்டு. அதையெல்லாம் செய்த பிறகும் அவளுக்கு அந்தத் தாத்தாவின் காதுதான் நினைவிருந்தது.

உங்கள் மகள் இதுவரை எங்கே, எத்தனை நாள் நோயாளிகளோடு இருந்திருக்கிறாள்? உறவுக்கார மருத்துவரின் பின்னால் வெள்ளைக் கோட்டோடு நான்கு நாள் நின்றதைச் சேர்க்காதீர்கள். பிறகு நீங்களும் மனைவியும் இல்லாத நேரத்தில், அவள் நம்பும் அத்தையோ மாமாவோ அவளிடம் ஒன்று கேட்கட்டும்: மருத்துவம் என்ற ஒன்றே உலகில் இல்லை என்றால் என்ன படிப்பாய்? சட்டென்று கண் விரிந்து ஒரு பதில் வந்தால், அவளுக்கு யோசிக்க நான்கு ஆண்டு தேவைப்படலாம். அப்போது ஐவி லீக் கட்சிக்கு என் ஓட்டும் உண்டு. மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களின் சராசரி வயது 24ஐ ஒட்டியே இருக்கிறது. பாதிக்கு மேற்பட்டோர் கல்லூரி முடித்து ஓராண்டாவது வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறார்கள். காலம் கடந்துவிடாது. ‘தெரியவில்லை, வேறு எதையும் நினைத்ததில்லை’ என்றால் அவசரப்படாமல் இன்னும் கொஞ்சம் பேச வையுங்கள். அது உறுதியாகவும் இருக்கலாம், வேறு எதையும் பார்க்காததாகவும் இருக்கலாம்.

இரண்டாவது ‘என்றால்’, ஒப்பந்தம். சேர்க்கைக் கடிதத்தை எல்லோரும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவார்கள், கூடவே வரும் நிபந்தனைத் தாளை யாரும் படிப்பதில்லை. அதைக் குடும்பமாக உட்கார்ந்து படியுங்கள். ஜிபிஏ எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது, அது ஒவ்வொரு பருவத்துக்கும் பார்க்கப்படுமா அல்லது மொத்தமாகவா? எம்கேட் எழுத வேண்டுமா, எழுதினால் எத்தனை வாங்க வேண்டும்? 500 என்பதும் 512 என்பதும் ஒன்றில்லை. 512 கேட்டால், சேர்பவர்களின் சராசரியையே கேட்கிறார்கள், அப்புறம் எதற்கு இந்த உறுதி? ஒரு பருவம் காய்ச்சலில் படுத்து ஒரு பாடத்தில் ‘சி’ வந்தால் முறையீட்டுக்கு வழி உண்டா? வெளியே விண்ணப்பித்தால் சீட் போகுமா? மூன்றாண்டை நான்காக நீட்டிக்க விரும்பினால் விடுவார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: ஐந்து ஆண்டுக்கு முன் இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் மருத்துவக் கல்லூரிக்குள் போனார்கள்? தொலைபேசியில் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும். நேரடியாக எண்ணைச் சொல்லாமல் சுற்றி வளைத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

குடியேற்ற நிலையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. மகள் குடியுரிமையோ பச்சை அட்டையோ பெற்றிருந்தால் விட்டுவிடுங்கள். இன்னும் எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தருவது) இருந்தால், 21 வயதில் அது முடியும். ஏழாண்டுப் படிப்பு அதற்குள் முடியாது. கூட்டாட்சிக் கடனும் கிடைக்காது. பல மருத்துவக் கல்லூரிகள் நிரந்தரக் குடியிருப்பு இல்லாதவர்களைச் சேர்ப்பதே இல்லை. அப்படியானால் சேர்க்கை அலுவலகத்திடம் பேசும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள். அந்த நிலையில், கையில் இருக்கும் உறுதியான இடத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது, அவர்கள் விசா மாற்றத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்றால்.

ஐவி லீக் கட்சிக்காரர் யார் என்று ஊகிக்க முடிகிறது. ஊரில் சொல்லிக்கொள்ள அந்தப் பெயர் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் என்னிடம் வரும் நோயாளிகளில் ஒருவர்கூட நான் எங்கே இளநிலை படித்தேன் என்று இருபது ஆண்டில் கேட்டதில்லை. எவ்வளவு நேரம் காக்க வேண்டும் என்றுதான் கேட்பார்கள்.

ஏப்ரலில் இரண்டு கல்லூரிகளுமே சேர்க்கை பெற்றவர்களை அழைத்துச் சுற்றிக் காட்டும். அவளை இரண்டுக்கும் அனுப்புங்கள், முடிந்தால் நீங்கள் போகாமல். ஏழாண்டுப் படிப்பில் இப்போது மூன்றாம் ஆண்டு இருக்கும் இரண்டு பேரிடம் அவள் தனியாகப் பேசட்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்ற இடத்துக்கு அன்றைக்கே எழுதி விட்டுவிடச் சொல்லுங்கள், மே 1 இரவுவரை வைத்திருக்க வேண்டாம். அந்தக் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் ஏதோ ஒரு வீட்டிலும் இப்போது இதே சண்டை நடந்துகொண்டிருக்கும்.